புது கிராபிக்ஸ் கார்டுக்கு உங்கள் பவர் சப்ளை காணுமா?

உவர்மலையில் இருக்கிற அக்காவின் மகன் போன கிழமை போன் எடுத்தான். ஏ.எல். சோதனை முடிந்துவிட்டது, கனடாவில் இருக்கிற சித்தப்பா காசு அனுப்பியிருக்கிறார், கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்ட், ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்று வாங்கப் போகிறான். "மாமா, என்ட பவர் சப்ளை 500 வாட். கார்ட் 170 வாட் எண்டுதான் போட்டிருக்கு. காணும்தானே?"

500இல் 170 போனால் 330 மிச்சம். முதல் தடவை கார்ட் வாங்குகிற யாரும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். நான் காணும் என்றும் சொல்லவில்லை, காணாது என்றும் சொல்லவில்லை. "கேசிங்கின் பக்க மூடியைக் கழட்டு. பவர் சப்ளையில ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதை வடிவாகப் படம் எடுத்து அனுப்பு" என்றேன். திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்பில் கார்ட் வாங்குகிறவர்கள் இதை முதலே பார்த்துவிட வேண்டும். பம்பலப்பிட்டியில் வாங்கி, இரவு ரயிலில் கொண்டுவந்து, வீட்டில் போட்டுப் பார்த்து, சரிவரவில்லை என்றால் திரும்பவும் ஏறத்தாழ 260 கிலோமீட்டர் போக வேண்டும். லேபிளைப் படிக்கப் பத்து நிமிடம் காணும்.

முதலில் பவர் சப்ளை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட், திசை மாறி மாறி ஓடுகிற கரண்ட். கணினிக்குள் இருக்கிற எந்தப் பாகத்துக்கும் அது ஆகாது. அவற்றுக்கு வேண்டியது சிறிய வோல்ட், ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். பவர் சப்ளை அந்த 230ஐ எடுத்து மூன்று முக்கியமான வரிகளாகப் பிரித்துக் கொடுக்கிறது: 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட். மஞ்சள் வயரில் 12, சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3, கறுப்பு வயர் எல்லாம் கரண்ட் திரும்புகிற பாதை. புது வகைகளில் எல்லா வயரும் கறுப்பாகவே வரும், அங்கே நிறத்தை நம்ப ஏலாது.

மருமகன் அனுப்பிய படத்தில் மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை. 3.3 வோல்ட்டுக்கு நேரே 20 அம்பியர். 5 வோல்ட்டுக்கு நேரே 20 அம்பியர். 12 வோல்ட்டுக்கு நேரே 18 அம்பியர். அதற்குப் பிறகு இரண்டு சின்ன வரிகள். அவ்வளவுதான்.

வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட் வரும். இந்த விடயத்துக்கு இந்த ஒரு பெருக்கல் காணும். 12 வோல்ட் வரியில் 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். 5 வோல்ட்டில் 100. 3.3இல் 66. சின்ன வரிகள் இரண்டும் சேர்ந்து ஒரு 16. எல்லாவற்றையும் கூட்டினாலும் 400 கூட வரவில்லை. கொட்டை எழுத்தில் இருந்த 500 என்ற எண்ணுக்கு அந்த லேபிளிலேயே ஆதாரம் கிடையாது.

அந்த 400இலும் கார்டுக்குப் பயன்படுவது 216 மட்டும்தான். பத்திரகாளி அம்மன் கோயில் அன்னதானத்துக்குச் சமைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 500 பேருக்குச் சாப்பாடு தயார் என்று சொல்கிறார்கள். அண்டாக்களைத் திறந்து பார்த்தால் பாயசமும் அப்பளமும் 500 பேருக்கு இருக்கிறது, சோறு 200 பேருக்குத்தான் இருக்கிறது. வந்தவர்கள் சோறுதான் கேட்பார்கள். உங்கள் கணினியில் 12 வோல்ட்தான் சோறு. கிராபிக்ஸ் கார்ட் கிட்டத்தட்ட முழுப் பசியையும் 12 வோல்ட்டிலேதான் தீர்த்துக்கொள்ளும். புரொசசரும் அப்படித்தான். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் யூஎஸ்பி, ஹார்ட் டிஸ்க்கின் எலக்ட்ரானிக்ஸ், இன்னும் சில சில்லறை வேலைகளுக்குத்தான். 5 வோல்ட்டில் எவ்வளவு மிச்சம் கிடந்தாலும் அதைக் கார்டுக்குத் திருப்பிவிட முடியாது.

ஏன் இப்படி 5 வோல்ட்டில் நிறையவும் 12 வோல்ட்டில் குறைவாகவும் கொடுத்துச் செய்கிறார்கள் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் புரொசசரே 5 வோல்ட்டில் இருந்துதான் கரண்ட் எடுத்தது. 2000ஆம் ஆண்டளவில், பென்டியம் 4 வந்தபோது, அந்தச் சுமை 12 வோல்ட்டுக்கு மாறியது. மதர்போர்டில் புரொசசருக்குப் பக்கத்தில் தனியாகக் குத்துகிற நாலு முனைப் பிளக் அப்போது வந்ததுதான். மலிவு பவர் சப்ளைகளில் சில இன்னும் அந்தப் பழைய அமைப்பிலேயே செய்யப்பட்டு, மேலே பெரிய எண்ணோடு விற்கப்படுகின்றன. நல்ல 550 வாட் பவர் சப்ளை ஒன்றின் லேபிளைப் பாருங்கள்: 12 வோல்ட்டுக்கு நேரே 45 அம்பியர் மாதிரி இருக்கும். பெருக்கினால் 540 வாட். சொன்ன வாட் முழுவதும் கிட்டத்தட்ட 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது.

சில லேபிள்களில் 12 வோல்ட் இரண்டு வரியாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 18 அம்பியர் என்று போட்டிருக்கும். இரண்டையும் கூட்டி 36 என்று சந்தோசப்படக் கூடாது. பக்கத்திலோ கீழேயோ, 12 வோல்ட் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் இத்தனை வாட் என்று இன்னொரு எண் இருக்கும். உண்மையான எண் அதுதான்.

சரி, இப்போது கணினி எவ்வளவு கேட்கும் என்று பார்ப்போம். மருமகனிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ5 12400எஃப் என்ற புரொசசர். அதன் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும், முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை போகலாம் என்று இன்டெல்லே சொல்கிறது. அந்தப் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ரைசன் 5 5600 புரொசசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை: பெயருக்கு 65, உண்மையில் அதற்கு மேலேயும் எடுக்கும். மதர்போர்ட், ராம், எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், இரண்டு மூன்று ஃபேன், எல்லாம் சேர்த்து ஒரு 60 வாட் வைத்துக்கொள்ளலாம். கார்டுக்கு 170. மொத்தம் 347 வாட். இதில் பெரும்பகுதி 12 வோல்ட்டில்தான் வரும். அவனுடைய பவர் சப்ளையால் 12 வோல்ட்டில் கொடுக்க முடிந்தது 216. காணாது. பக்கத்தில் கூட இல்லை.

பெரிய எண்ணை எடுத்தாலும் கணக்கு அங்கே முடிந்துவிடாது. உங்கள் வீட்டில் தண்ணி மோட்டர் போடுகிற நேரம் ஹோலில் பல்ப் ஒரு கணம் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். மோட்டர் ஓடத் தொடங்கிய பிறகு எடுப்பது கொஞ்சம்தான், தொடங்குகிற அந்த நொடியில் எடுப்பது பல மடங்கு. கிராபிக்ஸ் கார்டும் தன் அளவில் இதைச் செய்கிறது. ஒரு தரம் அல்ல, விளையாடுகிற நேரம் முழுவதும். திரையில் ஒன்றுமில்லாத காட்சி போய் ஒரு வெடிப்பு வந்தால், சில மில்லி நொடிகளுக்குக் கரண்ட் மேலே பாய்ந்து கீழே வரும். 170 வாட் என்று எழுதியிருப்பது சராசரி. அந்தப் பாய்ச்சல் அதற்கும் மேலே போகும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 மாதிரிப் பெரிய கார்டுகளில் இந்தப் பாய்ச்சலுக்கே நல்ல பவர் சப்ளைகள் கூட அணைந்த சம்பவங்கள் உண்டு. அதனால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதிமுறையில், பவர் சப்ளை தன்னுடைய அளவைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று எழுதினார்கள்.

ஆகவே 347 வாட் கேட்கிற கணினிக்கு 350 வாட் பவர் சப்ளை போடுவது சரியான கணக்கு அல்ல. மொத்தத் தேவை பவர் சப்ளையின் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நின்றால் நிம்மதி. 347க்கு அப்படிப் பார்த்தால் 520 சொச்சம் வரும், கடையில் கிடைக்கிற அளவு 550. ஆர்டிஎக்ஸ் 3060க்கு அதைச் செய்கிற என்விடியா கம்பனி கேட்பதும் அதே 550தான். 170 வாட் கார்டுக்கு 550 கேட்கிறார்களே என்று பலர் கோபப்படுவார்கள். அந்த 550 கார்டுக்கு மட்டும் அல்ல, முழுக் கணினிக்கும். அதற்குள் பாய்ச்சலுக்கு இடமும், பவர் சப்ளை கொஞ்சம் பழையதாக இருந்தால் அதற்கு இடமும் சேர்ந்திருக்கிறது.

இன்னும் சில கார்டுகளைச் சொல்கிறேன், உங்கள் கணக்குக்கு உதவும். ஜிடிஎக்ஸ் 1650 எடுப்பது 75 வாட், என்விடியா கேட்பது 300 வாட் பவர் சப்ளை. ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115, கேட்பது 550. ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132, அதைச் செய்கிற ஏஎம்டி கம்பனி கேட்பது 450. ஆர்எக்ஸ் 580 எடுப்பது 185, கேட்பது 500. ஆர்டிஎக்ஸ் 3080 எடுப்பது 320, கேட்பது 750. ஆர்டிஎக்ஸ் 4060, பழைய 3060ஐ விடப் புதியது, எடுப்பதோ 55 வாட் குறைவு. புதுசு என்றால் அதிகம் தின்னும் என்று எப்போதும் சொல்ல முடியாது.

ஆர்எக்ஸ் 580 என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. கேசிங் வாங்கியபோது அதோடு சேர்த்து ஒரு பவர் சப்ளை இலவசமாகத் தந்தார்கள். 600 வாட் என்று இருந்தது. லேபிளைப் பார்க்காமல் பாவித்த ஆர்எக்ஸ் 580 ஒன்றைப் போட்டேன். விண்டோஸ் நன்றாக ஓடியது, படம் பார்த்தேன், ஒரு பிரச்சினையும் இல்லை. கேம் ஒன்றைத் திறந்தால், மெனு வரைக்கும் வரும், விளையாட்டுத் தொடங்குகிற இடத்தில் யாரோ பிளக்கைப் பிடுங்கியது மாதிரி மொத்தமும் அணைந்துவிடும். கார்டின் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், விண்டோஸைத் திரும்பப் போட்டேன், ராமைக் கழட்டித் துடைத்தேன். பவர் சப்ளையை மட்டும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் 600 வாட் என்று எழுதியிருந்ததே. மூன்றாவது கிழமை பட்டென்று ஒரு சத்தம், எரிந்த வாசம். பவர் சப்ளை போனது. கூடவே மதர்போர்டும் போனது. கார்ட் எப்படியோ தப்பியது. அந்த மதர்போர்டின் விலைக்கு அந்த நேரம் நல்ல பவர் சப்ளை ஒன்றை வாங்கியிருக்கலாம்.

நல்ல பவர் சப்ளைக்கும் மற்றதுக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். அளவுக்கு மேல் இழுத்தால், வோல்ட் ஏறினால், ஷோர்ட் ஆனால், சூடு கூடினால், நல்லது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஒன்றும் எரியாது. மலிவானவற்றில் இந்தப் பாதுகாப்புகளில் சில பெட்டியில் மட்டும்தான் இருக்கும். என்னைக் கேட்டால், உண்மையான 550 ஒன்று இருக்கிற இடத்தில் பெயர் தெரியாத 750ஐ நான் கையாலும் தொட மாட்டேன்.

வயருக்கு வருவோம். வாட் கணக்கு சரியாக இருந்தாலும் பொருத்தமான பிளக் இல்லாவிட்டால் கார்ட் ஓடாது. கார்டைக் குத்துகிற மதர்போர்ட் ஸ்லொட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும், அதிலும் 12 வோல்ட்டில் 66 வாட்தான். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளுக்கு மேல்பக்கத்தில் தனி வாய் இருக்கும். ஆறு முனை வாய் என்றால் 75 வாட், எட்டு முனை என்றால் 150 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 பலவற்றில் எட்டு முனை ஒன்று இருக்கும். ஸ்லொட்டின் 75, வாயின் 150, மொத்தம் 225. 170க்குத் தாராளம். இந்தக் கணக்கு மீறினால் என்ன என்பதற்கு 2016 நல்ல உதாரணம். அப்போது வந்த ஆர்எக்ஸ் 480 ஸ்லொட்டில் இருந்து அளவுக்கு மேல் எடுக்கிறது என்று சோதனை செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஏஎம்டி அடுத்த மாதமே டிரைவரைத் திருத்தி அந்தச் சுமையைக் குறைத்தது.

உங்கள் பவர் சப்ளையில் அந்த எட்டு முனை வயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆறும் இரண்டுமாகப் பிரிந்து, சேர்த்துக் குத்துகிற மாதிரி இருக்கும். புரொசசருக்கு வருகிற எட்டு முனை வயரை அதோடு குழப்பிவிடக் கூடாது. அது நாலும் நாலுமாகப் பிரியும். இரண்டும் தூரத்தில் பார்க்க ஒரே மாதிரி, ஆனால் ஒன்றில் 12 வோல்ட் வருகிற பக்கம் மற்றதில் கறுப்பு வயர் வருகிற பக்கம். வாயின் வடிவம் வேறு என்பதால் இலேசாகப் போகாது. போகாததை அழுத்திப் போட்டால் அத்தோடு கார்ட் முடிந்தது.

எட்டு முனை வயரே இல்லையென்றால் கடையில் ஒரு அடாப்டர் தருவார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற சாட்டா வயரில் இருந்து மாற்றுகிற அடாப்டரை வாங்க வேண்டாம். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைதான், முனைக்கு 1.5 அம்பியர். மொத்தம் 4.5 அம்பியர், 54 வாட். ஆறு முனை வாய் கேட்பது 75, எட்டு முனை கேட்பது 150. அந்தச் சின்ன முனைகள் சூடாகி உருகும். உண்மையில், கார்டுக்கான வயர் பவர் சப்ளையிலேயே இல்லை என்றால் அதைச் செய்தவர்கள் கார்ட் ஒன்றை நினைத்துச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அடாப்டருக்குக் கொடுக்கிற காசைப் புது பவர் சப்ளைக்குச் சேர்த்து வையுங்கள்.

வயர்களைக் கழட்டிப் பூட்டக்கூடிய பவர் சப்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்லாமல் பலர் நட்டப்பட்டிருக்கிறார்கள். பழைய பவர் சப்ளையின் வயரைப் புதியதில் குத்த வேண்டாம். கார்ட் பக்கத்தில் வருகிற வாய் எல்லோருக்கும் ஒன்று, பவர் சப்ளைப் பக்கத்தில் வருகிற வாய் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு மாதிரி, ஒரே கம்பனியின் இரண்டு மொடல்களுக்கே மாறலாம். பிளக் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 போகும், ஹார்ட் டிஸ்க்கில் இருந்த படங்கள் எல்லாம் போய்விடும். பெட்டியில் வந்த வயரை மட்டும் பாவியுங்கள்.

பெரிய புதுக் கார்டுகளில் வருகிற 16 முனை வாய் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது 600 வாட் வரை கொடுக்கும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் சில உருகியது இந்த வாயில்தான். முழுதாகக் குத்தப்படாதது ஒரு காரணம் என்று தெரிந்தபிறகு, 2023இல் வாயின் அமைப்பைக் கொஞ்சம் திருத்தினார்கள். அப்படிக் கார்ட் வாங்கினால் இடைவெளி தெரியாத அளவுக்கு உள்ளே போகும்வரை குத்துங்கள்.

கந்தோர்களில் பாவித்து விற்கிற டெல், எச்பி, லெனோவோ பெட்டிகளை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. பெட்டிகள் நல்லவை, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் சின்ன அளவுப் பெட்டிகளில் பவர் சப்ளை 180, 240 வாட் மாதிரித்தான் இருக்கும், கார்டுக்கான வயர் இராது. சரி, பவர் சப்ளையை மாற்றுவோம் என்றால் பலவற்றில் அதன் வடிவமும் வேறு, மதர்போர்டுக்குப் போகிற பிளக்கும் வழக்கமான 24 முனை அல்ல. கடையில் இருக்கிற சாதாரண பவர் சப்ளை அதற்குள் போகாது. இப்படிப் பெட்டிக்கு, தனி வயர் கேட்காத கார்ட்தான் சரி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650இல் மேல் வாய் இல்லாத வகை, அல்லது 70 வாட் மட்டும் எடுக்கிற ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. பெட்டி ஒல்லியானது என்றால் அரை உயரக் கார்டா என்றும் கேட்டு வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 3050இல் 8 ஜிபி வகை 130 வாட் எடுக்கும், பெயர் ஒன்றுதான் என்று மாறி வாங்கிவிட வேண்டாம்.

நம் ஊருக்கென்று சில விடயங்கள் இருக்கின்றன. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் அறைக்குள் என்ன சூடு என்று உங்களுக்குத் தெரியும். பவர் சப்ளையின் வாட் அளவு, எந்தச் சூட்டில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. நல்லவற்றை 40 அல்லது 50 பாகையில் அளந்திருப்பார்கள். மலிவானவற்றை 25 பாகையில் அளந்திருப்பார்கள். 25 பாகை நமக்கு மார்கழி மழைக்குள் கிடைக்கிற சூடு. உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. டச்பே பக்கமோ திருக்கடலூரிலோ நிலாவெளியிலோ ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிற வீட்டில் கேசிங்கின் ஸ்குரூ எவ்வளவு கெதியில் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். அதே காற்றைத்தான் பவர் சப்ளையின் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. உள்ளே கரண்ட்டைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருடாவருடம் பலம் குறையும். ஏழு எட்டு வருடம் ஓடிய பவர் சப்ளையை, லேபிள் நன்றாக இருந்தாலும், புதுக் கார்டுக்கு நம்ப வேண்டாம்.

ஆனால் உள்ளே பார்க்கலாம் என்று பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்கக் கூடாது. 230 வோல்ட் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றப்பட்டு ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும், பிளக்கைக் கழட்டிய பிறகும் நிற்கும். தூசியை வெளியில் இருந்து ஊதி எடுங்கள், அது காணும்.

வெளிநாட்டில் இருந்து உறவுகள் கொண்டுவருகிற பழைய பவர் சப்ளைகளில் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு சுவிச் இருந்தால், அதில் 115 என்றும் 230 என்றும் இருக்கும். கனடாவில் 120 வோல்ட் என்பதால் அங்கே 115இல் வைத்திருப்பார்கள். அப்படியே நம் பிளக்கில் போட்டால் அந்த நொடியே வெடிக்கும். புதியவற்றில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், சுவிச் இராது, அவை பயமில்லை.

கேசிங்கைத் தொட்டால் சுருக்கென்று ஷொக் அடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது பவர் சப்ளை பழுது என்பதற்கு அடையாளம் அல்ல. அதற்குள் இருக்கிற வடிகட்டி, கொஞ்சம் கரண்ட்டை எர்த் வயருக்கு அனுப்பும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. எர்த் இல்லாத பிளக்கில், அல்லது மூன்று முனையை இரண்டாக மாற்றுகிற துண்டில் குத்தினால் அந்தக் கரண்ட் போக வழியில்லாமல் கேசிங்கிலேயே நிற்கும். புதுக் கார்ட் போடுவதற்கு முதல் எர்த் சரியா என்று ஒரு எலெக்ட்ரீசியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

மின்சார பில் பற்றி அம்மாமார் கேட்கிற கேள்வியும் உண்டு. 750 வாட் போட்டால் பில் ஏறாதா? ஏறாது. எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவைத்தான் பவர் சப்ளை கொடுக்கும். மருமகனின் கணினி கடுமையாக ஓடும்போது 347 வாட் கேட்கிறது, பவர் சப்ளை 85 சதவீதத் திறனோடு வேலை செய்கிறது என்று வைத்தால், சுவரில் இருந்து எடுப்பது ஏறத்தாழ 408 வாட். நாலு மணித்தியாலம் அப்படியே ஓடினால் 1.6 யூனிட். 550 போட்டாலும் 750 போட்டாலும் கிட்டத்தட்ட இதேதான். 80 பிளஸ் என்ற திறன் முத்திரையில் வருகிற பிரோன்ஸ், கோல்ட் எல்லாம், சுவரில் இருந்து எடுத்ததில் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கின்றன. உறுதியாகச் செய்ததா என்பதை அவை நேராகச் சொல்வதில்லை. அதற்கு வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். நல்லவற்றுக்கு ஐந்து, ஏழு, பத்து வருடம் கூடக் கொடுக்கிறார்கள்.

அந்த 408 என்ற எண்ணை யூபிஎஸ் பக்கமும் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் நானும் ஒரு யூபிஎஸ் வாங்கினேன், 650 விஏ. விஏ என்பது வாட் அல்ல. அந்த அளவு யூபிஎஸ்களில் உண்மையான வாட் பெரும்பாலும் 400க்குக் கீழேதான், பின்பக்கம் எழுதியிருக்கும். பழைய கணினிக்கு அது காணும். கார்ட் போட்டுக் கேம் ஓடும்போது கரண்ட் போனால், கணினியைக் காப்பாற்ற வேண்டிய யூபிஎஸ் தானே கத்திவிட்டு அணையும்.

கார்ட் வாங்கிப் போட்டாயிற்று என்று வையுங்கள். காண்கிறதா என்று எப்படித் தெரியும்? விண்டோஸ் திறப்பதை வைத்துச் சொல்ல முடியாது, என் கதையில் பார்த்தீர்கள்தானே. கனமான கேம் ஒன்றை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். கேம் மட்டும் மூடினால் அது பெரும்பாலும் டிரைவர் அல்லது கேமின் பிரச்சினை. ஃபேன் உட்பட மொத்தமும் ஒரே அடியாக அணைந்தால் பவர் சப்ளையை முதலில் சந்தேகியுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சும்மா இருக்கிற ஒரு நாலு முனை மொலெக்ஸ் பிளக்கில் மஞ்சளிலும் கறுப்பிலும் முனையை வைத்து, கேம் ஓடும்போது எண்ணைப் பாருங்கள். 11.4க்கும் 12.6க்கும் நடுவில் நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12.1 காட்டியது, கேம் தொடங்கியதும் 11.5க்கு விழுந்தால், விதிப்படி தப்பில்லை, ஆனால் அந்த பவர் சப்ளை மூச்சு வாங்குகிறது.

பவர் சப்ளைக்குக் காசு சேரும்வரை சமாளிக்க வேண்டும் என்றால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் பவர் அளவை 75 சதவீதத்துக்குக் குறைக்கலாம். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் குறையும். 12 வோல்ட்டில் 30 அம்பியர் மாதிரி இருந்து, எல்லையில் நிற்கிறவர்களுக்கு இது உதவும். 18 அம்பியருக்கு உதவாது.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னபோது முதலில் முகம் வாடினான். சித்தப்பா அனுப்பிய காசு கார்டுக்கு மட்டும்தான் கணக்கு. பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்: புது 3060க்குப் பதில் பாவித்த ஆர்எக்ஸ் 6600 ஒன்று, மிச்சக் காசில் 550 வாட் பவர் சப்ளை புதிதாக. பவர் சப்ளையைப் பாவித்ததாக வாங்காமல் கார்டைப் பாவித்ததாக வாங்கியது எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். போன ஞாயிறு உவர்மலைக்குப் போய் இருவரும் சேர்ந்து பூட்டினோம். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவை நாங்கள் சுவிச்சைப் போடும்போதும் இரண்டடி தள்ளி நின்றார். கேம் ஓடி இருபது நிமிடத்தில் மீட்டரில் 12.04. அவன் பக்க மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "இப்ப பூட்டலாமா மாமா?" இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்றேன். பத்து நிமிடத்துக்குப் பிறகும் 12.04தான் நின்றது. பூட்டினோம்.